கண்டல் மட்டி கூடுமா?

மாயாபந்தர், அந்தமான்
8 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். கப்பலில் வாந்தி எடுத்தேன். போர்ட் பிளேரில் இறங்கி ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்தேன். இங்கிருந்து படகில் போனால்தான் எங்கள் முகாம். அங்கே போன் எடுக்காது. எடுத்தாலும் நான் எழுதத்தான் செய்வேன். போனில் நாம் இரண்டு பேரும் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதைத் தாண்டுவதே இல்லை.

மாமியிடம் நான் கோபித்துக்கொண்டு போனதாகச் சொல்ல வேண்டாம். வேலைக்குத்தான் வந்திருக்கிறேன். தூத்துக்குடியில் கடல் உயிரியல் படித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பிரியாணிக் கடைக்கு வெங்காயம் உரித்தேன். படித்த வேலை நவம்பர் வரைக்கும் கிடைத்திருக்கிறது, செய்கிறேன்.

வேலை ஒரு மட்டியைப் பற்றியது. சங்கரன்கோவில்காரர்களுக்கு மட்டி தெரியாது என்பதால் சொல்கிறேன். இரண்டு ஓடு, நடுவில் சதை. பெரியது உள்ளங்கையை நிறைக்கும், கறுத்த பழுப்பு நிறம். அலையாத்திக் காட்டில் கண்டல் மரத்து வேர்களுக்கிடையே சேற்றில் புதைந்து, பின் விளிம்பை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடக்கும். மற்ற மட்டிகளைக் கடல் தினமும் வந்து நனைக்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காட்டின் மேட்டுப் பக்கத்தில் இருப்பதால், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம் வரும்போதுதான் தண்ணீர் எட்டும். மற்ற நாட்களில் ஓட்டை மூடிக்கொண்டு கிடக்கும், இல்லையென்றால் நூலளவு திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். பார்த்தால் உயிர் இருக்கிறதா என்றே தெரியாது. தொட்டால் மூடிக்கொள்ளும், அப்போதுதான் தெரியும்.

ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்பீர்கள். பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்ல எனக்குள் ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பிப்ரவரியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை இறந்து பிறந்தது, பெண் பிள்ளை என்று மட்டும் சொன்னீர்கள். நான் பார்க்கவில்லை. நீங்களும் மாமியும் பார்த்தீர்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக்குள் மறுபடி எப்படி நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸீலா

*

சங்கரன்கோவில்
24 ஜூலை 2024

பஸீலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் ஆடித்தபசுக் கூட்டத்துக்கு நடுவில் வந்தது. ரதவீதியில் தலைதான் தெரிந்தது. கடையில் மதியமே இரண்டாவது அண்டா ஏற்றினோம். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து, கூட்டம் ஓய்ந்த பிறகுதான் படித்தேன். வேர்வையில் ஒரு ஓரம் அழிந்துபோயிருந்தது, சமாளித்துப் படித்துவிட்டேன்.

கடையில் ஒரு விஷயம். எனக்கு உப்பு தெரியவில்லை. மார்ச்சிலிருந்தே அப்படித்தான், உன்னிடம் சொல்லவில்லை. ஒரு கல்யாண ஆர்டரில் உப்பைக் கூடப் போட்டுவிட்டேன், அவர்கள் மரியாதைக்குப் பேசாமல் சாப்பிட்டுப் போனார்கள். இப்போது புரோட்டா மாஸ்டர் சுலைமான் அண்ணன்தான் எல்லாவற்றையும் ருசி பார்க்கிறார். "நீங்க தீயை மட்டும் பாருங்க, மொதலாளி" என்றுவிட்டார். அத்தா காலத்திலிருந்து இருக்கிறவர், அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உன் மட்டியைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. தின்பார்களா? தின்றால், சேற்றுக்குள்ளேயே கிடக்கிற சாமானை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? ஆட்டுக் குடலைக் கழுவவே இங்கே எத்தனை தண்ணீர் போகிறது என்று உனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் வேகவைப்பார்கள்? விரிவாக எழுது.

நவம்பரில் வேலை முடிந்ததும் வந்துவிடுவாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்ட மற்றதை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கோபப்படாதே.

நியாஸ்

*

முகாம், மாயாபந்தர்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மட்டியைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தின்பார்கள். படகுக்காரர் மனைவி ஷீலா அக்காதான் எங்களுக்குச் சமைக்கிறார். சுத்தம் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை, மட்டியே பார்த்துக்கொள்ளும். ஓடைத் தண்ணீரை ஒரு வாளியில் தெளியவைத்து, அதில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் வயிற்றிலுள்ள சேற்றைத் தானே துப்பிவிடும். தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசு துரும்பை வடிகட்டித் தின்று, மிச்சத்தை வெளியே விடுவதுதான் அதன் பிழைப்பு. பிறகு கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். ஓடு திறந்ததும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் வெந்தால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். கொதித்தும் திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது முன்பே செத்தது.

நான் சாப்பிட்டேன். ஷீலா அக்கா தட்டில் வைத்தார், பசியும் இல்லை, பசி இல்லாமலும் இல்லை, சாப்பிட்டுவிட்டேன். நம் மார்க்கத்தில் இதைத் தின்னக் கூடுமா கூடாதா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. தட்டைக் கழுவும்போதுதான் நினைத்தேன். அப்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

வேலையில் ஒரு சிக்கல். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் பெரியவை. குஞ்சுகளே கண்ணில் படவில்லை. ஓட்டில் வளர்ச்சிக் கோடுகள் உண்டு, மெதுவாகத்தான் வளரும். இருப்பவை எல்லாம் முதிர்ந்தவையாகவே இருந்து, கீழே இளசு இல்லையென்றால், சனங்கள் பொறுக்கித் தின்னத் தின்ன ஒருநாள் காடு காலியாகிவிடும். அதனால் குஞ்சு இருக்கிறதா என்று தேடுவதே இப்போது என் வேலை. முதலை வரும் ஓடை என்பதால் ஒருவர் தேட ஒருவர் காவல் நிற்கிறோம்.

ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்தால் தெரியாது. மழைத் தண்ணீர் வந்து உப்பு குறையும்போது கருவை ஓடைத் தண்ணீரில் விட்டுவிடும். அவை கலந்து, மிதந்து, எங்கோ போய்ச் சேற்றில் இறங்கும். எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்று யாருக்கும் தெரியாது. தாய்க்கும் பிள்ளைக்கும் அறிமுகமே கிடையாது.

இதைப் படித்துவிட்டு, மனசில் எதையோ வைத்து எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். இது மட்டி. நீங்கள் கேட்டீர்கள், எழுதினேன். நான் கேட்டதுதான் இன்னும் அப்படியே இருக்கிறது.

பஸீலா

*

சங்கரன்கோவில்
27 ஆகஸ்ட் 2024

பஸீலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். உன் கடிதத்தில் மட்டி சமைக்கிற பகுதி நன்றாக இருக்கிறதே என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்கிற வேகத்தில் நீ சாப்பிட்டதையும் வாசித்துவிட்டேன்.

அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். அப்படியே முறத்தைத் தள்ளிவிட்டார். "ஏலே நியாஸ், அவ அங்கன சேத்துப் பூச்சியைத் தின்னுட்டுக் கெடக்கா, நீ கதையா வாசிக்கே" என்றார். அந்தக் கையோடு இந்த அடுப்படிக்குள் வரக் கூடாது என்றும், உன் மாமாவைக் கடையநல்லூரிலிருந்து வரச்சொல்லிப் பேசி முடிக்கப்போவதாகவும் சொன்னார். எதைப் பேசி முடிப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலாக் என்ற வார்த்தை வந்திருக்கும். வராமலே இருக்கட்டும் என்று கடைக்குப் போய்விட்டேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வருகிறேன், கூடும் என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று முதல் ஆளாக வெளியே வந்துவிடுகிறேன்.

நீயும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டேன், கேட்டேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். நீ மயக்கத்தில் இருந்தாய். நான் முழித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று என்னை இதுவரைக்கும் நீ ஒரு தடவை கேட்டதுண்டா? எனக்கும் ஆத்திரம் இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

குஞ்சு கிடைத்ததா?

நியாஸ்

*

முகாம், மாயாபந்தர்
14 செப்டம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சொன்னது சரி. நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் உண்மை. உங்களிடம் கொடுக்க என்னிடம் எதுவும் மிச்சமிருப்பதாக நான் நினைக்கவில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் எப்படி இருந்தீர்கள்?

மாமாவை வரச்சொல்வதானால் வரச்சொல்லட்டும். எனக்கு பயமில்லை. பயமும் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து எங்கோ போய்விட்டது.

குஞ்சு கிடைத்தது. நாங்கள் தேடிய இடமே தப்பு. பெரியவை கிடக்கும் சேற்றிலேயே துழாவிக்கொண்டிருந்தோம், கண் பெரிதான சல்லடையில் வேறு அலசினோம். வேர்க்குவியலுக்கு அடியில், இலைக்குப்பை மக்கிய சேற்றை எடுத்து, மாவு சலிக்கிற மாதிரி மெல்லிய சல்லடையில் ஷீலா அக்காவும் நானும் அலசினோம். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று நின்றது. ஓடு இன்னும் கறுக்கவில்லை, மஞ்சள் பாய்ந்திருந்தது. விரலால் தொட்டேன், மூடிக்கொண்டது.

அளந்து, எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். முகாமில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். வரவில்லை. கொசு கடித்தது, எழுந்து வந்துவிட்டேன்.

குஞ்சு கிடைத்துவிட்டதால் திட்டத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறார்கள். நான் இருப்பதாக நவம்பர் நடுவுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே இருந்தால் வேலையைச் செய்வேன். அங்கே வந்தால் வெங்காயம் உரிப்பேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. போடவா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

பஸீலா

*

சங்கரன்கோவில்
3 அக்டோபர் 2024

பஸீலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஹஜ்ரத்திடம் போய்வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போனதும் உட்கார்ந்தேன். மட்டி கூடுமா என்று கேட்டேன். அவருக்கும் மட்டி தெரியவில்லை. நீ எழுதியதை வைத்து நான் விளக்கினேன், சேறு, ஓடு, காற்றை வாங்குவது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். தண்ணீரில் இருப்பதில் நம் ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டும்தான் கூடும், ஷாஃபிஈகாரர்களுக்கு மட்டியும் கூடும், தெரியாமல் சாப்பிட்டதைப் பெரிதுபண்ண வேண்டாம், இனிமேல் தவிர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். எழுந்திருக்கப் போனேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன்.

அதன்பிறகு, "பிள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன். பிப்ரவரியில் அடக்கினோமே அந்தப் பிள்ளைக்கு என்றார். அது அழவே இல்லையே ஹஜ்ரத், அழாத பிள்ளைக்கு ஜனாஸா தொழுகை கிடையாது என்று நீங்கள்தானே போனில் சொன்னீர்கள் என்றேன்.

அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தொழுகை கெடையாதுன்னுதான் சொன்னேன். பேரு கெடையாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? குளிப்பாட்டணும், துணியில சுத்தணும், பேரு வைக்கணும். நாளைக்கு மறுமையில அந்தப் பிள்ளையை என்னன்னு சொல்லிக் கூப்பிடுவாங்க?"

பஸீலா, நான் அவரிடம் தொழுகையைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மாவிடம் தொழுகை இல்லையாம் என்றேன். அப்போ பேரும் வேண்டாம்லே, பேர் வைத்தால் மனசு ஆறாது என்றார் அம்மா. சரி என்றேன். அதுதான் மார்க்கம் என்று நினைத்தேன். மறுபடி யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஒனக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு போச்சுலே. ஆம்பளப்புள்ள. அதுக்கும் பேரு இல்ல. இப்படித்தான்னு எங்க மாமி சொன்னாங்க" என்றார். எனக்கு ஒரு அண்ணன் இருந்தது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. அம்மா எழுந்து போய் உலை வைத்தார். உன் மாமாவைக் கூப்பிடுகிற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

காலம் கடந்தாலும் பேர் வைக்கலாமாம், ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டேன். என்ன பேர் என்று நீ சொல். நீ எழுதி அனுப்பு, அவளை அடக்கிய மையவாடிக்கு நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நியாஸ்

*

முகாம், மாயாபந்தர்
20 அக்டோபர் 2024

மச்சான்,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பேர் யோசித்தேன். வயிற்றில் இருந்தபோது யோசித்துவைத்த பேர்கள் இருந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை. முகம் தெரியாமல் பேர் எப்படி வைப்பது? தெருவில் போகிற யாரோ ஒரு பிள்ளைக்கு வைக்கிற மாதிரி இருக்கிறது.

மாமிமேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவர் அந்தப் பிள்ளையை எத்தனை வருஷம் பேர் இல்லாமல் சுமந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரையும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் யோசிக்கச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைக்கு நான் வைக்க மாட்டேன். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்தான் வைக்க வேண்டும். நீங்கள் வையுங்கள். வைப்பதற்கு முன்னால் யார் ஜாடை என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. உங்கள் பதில் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

மட்டி சாப்பிடுவதை விட்டுவிட்டேன். ஷீலா அக்கா எனக்கு மட்டும் மீன் வைக்கிறார்.

பஸீலா

*

சங்கரன்கோவில்
1 நவம்பர் 2024

பஸீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் வேலை விஷயம். கையெழுத்துப் போடு. வந்துவிடு என்று இத்தனை நாள் அம்மாவிடமும் ஊரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். வந்து என்ன செய்வாய் என்று யோசிக்காமல் சொன்னேன். அந்தக் குஞ்சு வளருகிறதா என்று நீயே இருந்து பார். ஜனவரியில் கடையைச் சுலைமான் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நான் அங்கே வருகிறேன். எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாது, இருந்தாலும் வருகிறேன். கொஞ்ச நாள் இருக்கிற மாதிரி வருகிறேன்.

அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றுமே இல்லாமல் இருந்தேன். எல்லோரும் சொன்னதைச் செய்தேன். அம்மா குளிப்பாட்டினார், நான் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். வீட்டிலிருந்து மையவாடி வரைக்கும் நான்தான் தூக்கிப்போனேன், வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பற்றி என்னிடம் இருந்தது இவ்வளவுதான். வாயைத் திறந்து சொன்னால் இதுவும் என்னை விட்டுப் போய்விடும் என்று பயமாக இருந்தது. உனக்குச் சேர வேண்டியதை நானே பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு மையவாடிக்குப் போனேன். அம்மாவும் வந்து வெளிவாசலில் நின்றார். அவர் தன் பிள்ளைக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார், என்னவென்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வைத்த பேர் ரிஸானா. ஏன் என்று கேட்காதே, அங்கே நின்றபோது அதுதான் வந்தது. சத்தமாகச் சொன்னேன். குழி தோண்டுகிற ஹபீப் முகம்மது பாய் தூரத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார், அந்த அளவுக்குச் சத்தம்.

ரிஸானாவுக்குத் தலை நிறைய முடி. தண்ணீர் ஊற்றியதும் நெற்றியில் ஒட்டிக்கொண்டது, அம்மா விரலால் ஒதுக்கிவிட்டார். நல்ல சிவப்பு உதடு, கீழ் உதடு சற்றுப் பெரிது. வலது காது மேல்நுனியில் மடிந்திருந்தது, அதை நான் நீவிவிட்டேன், மறுபடி மடிந்துகொண்டது. கைவிரல்கள் நீளம். நகம் வளர்ந்திருந்தது. கண்ணை நான் பார்க்கவில்லை, மூடியிருந்தது. மூக்கு மட்டும் என்னுடையது.

மற்றதெல்லாம் நீதான், பஸீலா. தூங்கும்போது நீ எப்படி இருப்பாயோ அப்படியே இருந்தாள்.

ரிஸானாவின் அத்தா,
நியாஸ்